ஏழு நாளும் எட்டு

டாக்டர் தியானோ கொடுத்த நோட்டுப் புத்தகம் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று கட்டங்கள்: காலை, மதியம், இரவு. ஒவ்வொரு கட்டத்திலும் வலிக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், சுவரில் போய் முட்டிக்கொள்ளத் தோன்றினால் பத்து. ஏழு நாளைக்கு மொத்தம் இருபத்தொரு எண்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்துவிடும் வேலை. இதில் அசிமினா கோட்டை விடுவாள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அசிமினாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கிரேக்க நாட்டில் வோலோஸ் நகரத்து வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள். அந்த ஜன்னலைக் கட்டிய மகானுபாவன் ஓட்டையை மார்பு உயரத்தில் வைத்துவிட்டான். கடிகாரத்தையோ அவள் முதுகுக்குப் பின்னால் மாட்டினான். ஒவ்வொரு பயணிக்கும் ஒரு தடவை குனிந்து, ஒரு தடவை திரும்பி, அவள் கழுத்து தேய்ந்தே போயிற்று. பதினாலு வருடமாக வலி. பிடரியில் கிளம்பும், காதுக்குப் பின்னால் ஏறும், வலது கண்ணுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். மாத்திரை, ஊசி, கழுத்துப்பட்டை, ஒத்தடம், மலைமேல் மடத்துச் சாமி விளக்கிலிருந்து வந்த எண்ணெய் என்று எல்லாம் பார்த்தாயிற்று.

கடைசியில் பக்கத்து நகரமான லாரிஸாவின் ஆஸ்பத்திரியில் டாக்டர் தியானோ ஒரு வழி சொன்னார். பிடரித் தோலுக்கு அடியில், நரம்பை ஒட்டி, இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகுவது. அவற்றின் வழியாகச் சின்னச் சின்ன மின்துடிப்பை அனுப்புவது. வலி வர வேண்டிய பாதையில் வெறும் குறுகுறுப்பு வரும். சிலருக்கு வலி இதற்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. அதனால்தான் முதலில் ஏழு நாள் சோதனை. கம்பி உள்ளே இருக்கும், அதை ஓட்டும் பெட்டி வெளியே இடுப்பில் தொங்கும். ஏழு நாள் முடிந்ததும் எப்படியும் கம்பியை உருவிவிடுவார்கள், விட்டால் சீழ் பிடிக்கும். வலி பாதிக்குப் பாதி குறைந்தது என்று நோட்டு சொன்னால் மருத்துவக் குழு அனுமதி தரும். ஐந்தாறு வாரத்தில் தீப்பெட்டி அளவு பாட்டரியோடு நிரந்தரமாக உள்ளேயே வைத்துத் தைத்துவிடலாம். நோட்டு அப்படிச் சொல்லாவிட்டால் அவ்வளவுதான், இரண்டாவது சோதனை கிடையாது.

"குழுவுல யாரும் உங்களப் பாக்க மாட்டாங்க அசிமினாம்மா. நோட்டத்தான் பாப்பாங்க. அதனால உள்ளது உள்ளபடி எழுதுங்க," என்றார் டாக்டர்.

டாக்டர் தியானோ நல்ல பெண். கைராசிக்காரி. பேச்சில் அவசரம் கிடையாது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்து, படிப்பு முடித்து, அம்மாவின் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம்தான் ஆகிறது. அவரிடம் அசிமினாவுக்கு ஒரே ஒரு குறைதான். அவருக்கு நீலக் கண். சாதாரண நீலம் இல்லை, ஜூலை மாதத்துக் கடல் நீலம். நீலக் கண்ணுக்குத் தனி வீரியம் உண்டென்று வோலோஸில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கண்காரர்கள் பாவம், கெட்டவர்கள் இல்லை. மெச்சிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான், மெச்சப்பட்டவருக்கு அன்று சாயங்காலமே கொட்டாவியும் தலைவலியும் வந்து சேரும். கண் பட்டதற்கு முதல் அடையாளமே தலைவலிதான். அப்படியிருக்க, தலைவலி போய்விட்டது என்று ஒரு நீலக் கண்ணின் முன்னால் வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சும்மா கேள்விப்பட்டதை வைத்து அவள் பயப்படவில்லை. இரண்டு தடவை பட்டு அனுபவித்திருக்கிறாள். பதினாலு வருடத்துக்கு முன்னால் நாத்தனார் மெல்போவின் மகளுக்குக் கல்யாணம். அசிமினா ராத்திரி முழுக்க ஆடினாள். யாரோ ஒருத்தி எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, கையில் ஒயின் கோப்பையோடு, இன்றைக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊர் கேட்கச் சொன்னாள். மறுநாள் காலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அன்றைக்குப் பிடித்ததுதான் இது. அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு முன்னால் பிடரியில் ஓர் ஊசி போட்டார்கள். மூன்று வாரம் தலை பஞ்சாக இருந்தது. நான்காவது வாரம் மெல்போ டெலிபோனில் துருவித் துருவிக் கேட்கவே, "இப்ப பரவாயில்ல," என்று ஒரு வார்த்தை நழுவிவிட்டது. ரிசீவரை வைத்த சூட்டோடு வலி வந்துவிட்டது. ஊசியின் வேகம் மூன்று வாரத்தில் அடங்கும் என்று எந்த டாக்டரும் சொல்வார். ஆனால் டாக்டரை யார் கேட்டார்கள்?

அன்றிலிருந்து அசிமினா வாயைத் தைத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறாய் என்றால் "ஏதோ இழுத்துக்கிட்டுக் கிடக்கேன்" என்பாள். நன்றாகத் தூங்கினாயா என்றால் "கண்ணு மூடிச்சு, தூங்குனேனான்னு தெரியல" என்பாள். ஊரில் எல்லாரும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுவார்கள். அவள் கொஞ்சம் கூடுதல்.

கம்பி வைக்கும்போது அவளை முழித்திருக்க வைத்தார்கள். குப்புறப் படுத்த வாக்கில், குறுகுறுப்பு எங்கே தெரிகிறது என்று டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தார். அதில் அசிமினாவுக்கு ஒரு சங்கடமும் இல்லை. இன்னும் மேலே, இன்னும் வலது பக்கம், காதுக்குப் பின்னால் என்று பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோல் கறாராகச் சொன்னாள். எங்கே என்பது வேறு, எப்படி என்பது வேறு. எங்கே என்று சொன்னால் யார் கண்ணும் படாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். பிடரியில் எறும்பு ஊர்கிற மாதிரி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றியது. கண்ணாடியை எங்காவது மறந்து வைத்துவிட்டோமா, அடுப்பை அணைக்காமல் விட்டோமா என்று யோசித்தாள். பிறகு புரிந்தது. வலியைத்தான் காணவில்லை. வலது கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போயிருந்தான். அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சந்தோஷம் பொங்கி வந்தது. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டு, மார்புக்குள் பார்த்துச் சத்தமில்லாமல் மூன்று தடவை தூ தூ தூ என்றாள்.

நோட்டை எடுத்தாள். இரவு என்ற கட்டத்துக்கு நேராகப் பேனாவை வைத்தாள். இரண்டு என்று எழுதலாம். ஒன்று என்றுகூட எழுதலாம். பேனா நகரவில்லை. வாயால் சொன்னதற்கே அந்தப் பாடு என்றால், கையெழுத்தாக எழுதி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் அந்த நீலக் கண்ணுக்கு முன்னால் விரித்து வைத்தால் என்ன ஆகும்? பத்து என்று எழுதுவது அப்பட்டமான பொய். ஒன்பது கொஞ்சம் நாடகம். எட்டு கௌரவமாக இருந்தது. எட்டு என்று எழுதினாள். டாக்டர் படித்தவர், பார்த்தால் புரிந்துகொள்ளாமலா போவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்த ஊரில் ஒருத்தி எட்டு என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் தெரிந்திருக்கும். ஸ்டுட்கார்ட்டில் எட்டுக்கு எட்டுதான் அர்த்தம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

எழுதியாயிற்று, இனி அதற்கேற்ற மாதிரி நடந்தும் ஆக வேண்டுமல்லவா? வினிகரில் நனைத்த துணியைத் தலையில் கட்டிக்கொண்டு சோபாவிலேயே கிடந்தாள். கழுத்தைத் திருப்பக் கூடாது, கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது நல்ல வசதியாகப் போயிற்று. இரண்டாம் நாளே மெல்போ மாவுக்குள் கீரை வைத்த பித்தா ஒரு தட்டு நிறையச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். பார்க்க வந்தது அண்ணியையா, அண்ணியின் இடுப்பில் தொங்கும் பெட்டியையா என்பது அவளுக்கே வெளிச்சம்.

"இதுல ஷாக் அடிக்காதா அண்ணி?"

"அடிச்சாத்தான் என்ன, புதுசாவா வலிக்கப் போகுது," என்று அசிமினா முனகினாள். முனகலில் அவள் கைதேர்ந்தவள், பதினாலு வருடப் பழக்கம். ஆனால் பித்தாவை மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டாள். வலிக்காரி மூன்று துண்டு சாப்பிடுவாளா? மெல்போ நான்காவது துண்டையும் அவள் பக்கம் நகர்த்திவிட்டு உற்றுப் பார்த்தாள். அசிமினா வாய்க்குள் எச்சில் ஊறியதை விழுங்கிக்கொண்டு, குமட்டுகிறது என்று சொல்லி முகத்தைச் சுளித்தாள். தியாகம் என்றால் அதுதான் தியாகம்.

நான்காம் நாள் பெரிய ஆபத்து வந்தது. சமையலறையில் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோது அவளை அறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்துவிட்டாள். கல்யாணங்களில் வட்டமாகக் கைகோத்து ஆடும்போது பாடுவது. பின்கட்டு ஜன்னல் திறந்திருந்தது. வெளியே முற்றத்தில் மெல்போவின் குரல் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "கேட்டியா? பாவம், வலியில ராகம் போட்டு முனகுறா." அசிமினா மீதிப் பாட்டையும் முனகலாகவே முடித்தாள். பாதியில் நிறுத்தினால் சந்தேகம் வரும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. லாம்ப்ரோஸைத்தான் சமாளிக்க முடியவில்லை.

லாம்ப்ரோஸ் அவள் கணவன். கப்பல் என்ஜின் அறையில் நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இரைச்சலிலேயே வாழ்ந்த அந்த மனிதன் பதினாலு வருடமாகப் பூனைபோல நடக்கிறான். வீட்டில் காலிங்பெல் கிடையாது, கழற்றிவிட்டான். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறான். தொலைக்காட்சியில் கால்பந்தாட்டத்தைச் சத்தமில்லாமல் பார்ப்பான். கோல் விழுந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வான். அவனிடம் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அவன் வாயில் ஒரு சேதி காலையிலிருந்து மதியம்வரைகூடத் தங்காது. கம்பி வைத்த மறுநாளே காப்பிக்கடையில் விலாவாரியாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அந்தப் பெட்டியை அமுக்கினால் உன் பெண்டாட்டி வாய் அடங்குமா, எங்கள் வீட்டுக்கும் ஒன்று கிடைக்குமா என்று அங்கே கேட்டார்களாம். அவனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. ஊருக்குச் சொன்னால் ஊர்க்கண் மொத்தமும் ஒரே நாளில் வந்து விழும். நீலம், பழுப்பு, பச்சை என்று ஒன்றும் பாக்கி இருக்காது.

அவன் தினம் இரவு அந்த நோட்டை எடுத்துப் பார்ப்பான். எட்டு, எட்டு, எட்டு. பழையபடி மேசைமேல் வைப்பான். பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட் பற்றவைப்பான். ஐந்தாம் நாள் ஊர் அணிக்குக் கோப்பை அரையிறுதி ஆட்டம். அசிமினா சோபாவில் வினிகர்த் துணியோடு படுத்திருந்தாள். திரையில் கூட்டம் வாயைத் திறந்து திறந்து மூடியது. கடைசி நிமிடத்தில் அவர்கள் அணி கோல் போட்டது. லாம்ப்ரோஸ் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின. சத்தத்தைக் கூட்டு, கூடச் சேர்ந்து நானும் கத்துகிறேன் என்று அசிமினாவுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. முழுங்கினாள். அவன்மேல் அவளுக்கு இரக்கமாக இருந்தது, தன்மேல் வெட்கமாகவும் இருந்தது.

ஆறாம் நாள் அவன் சோபாவின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"கேக்கலன்னா போகுது, அசிமினா. இத்தன வருஷம் இருக்கலையா, அப்படியே இருந்துட்டுப் போவோம். எனக்கொண்ணும் கஷ்டமில்ல."

அவன் மெல்போவிடம் போய், தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்டுக் கண்ணேறு கழிக்கச் சொல்லியிருக்கிறான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த மாதிரிச் சமாசாரங்களைக் கண்டாலே கிண்டல் செய்கிற ஆள். அசிமினாவுக்கு அழுகை வந்தது. வலியில் அழுகிறாள் என்று அவன் எழுந்து ஜன்னல் திரைகளை இழுத்து மூடினான். வெளிச்சம் போயிற்று. ரகசியமாகச் சந்தோஷமாக இருப்பது இவ்வளவு பெரிய தண்டனையாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒரே நாள்தானே, டாக்டர் நோட்டைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு அனுமதி வாங்கிக்கொடுத்துவிடுவார், பெட்டி உள்ளே போய்த் தையலும் போட்டபிறகு சாவகாசமாக இவனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

எட்டாம் நாள் காலை லாரிஸாவில் அந்தக் கணக்கு தப்பாகிப் போயிற்று.

டாக்டர் தியானோ நோட்டைப் பிரித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். முகத்தில் ஒரு புரிதலும் வரவில்லை. கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"எல்லாமே எட்டா இருக்கே அசிமினாம்மா. வைக்கிறதுக்கு முன்னாடியும் எட்டுதான சொன்னீங்க?"

அசிமினா தரையைப் பார்த்தாள். இடுப்புப் பெட்டியைக் கழற்றி டாக்டர் அதன் பதிவையும் பார்த்தார். ஏழு நாளும், இருபத்துநாலு மணி நேரமும் ஓடியிருந்தது. பலன் இல்லாதவர்கள் இரண்டாம் நாளே எரிச்சலில் அணைத்துவிடுவார்கள், நீங்கள் ஒரு நிமிடம்கூட அணைக்கவில்லையே என்று கேட்டார். நீங்கள் அணைக்கச் சொல்லவில்லையே என்றாள் அசிமினா. கொஞ்சமாவது குறைந்ததா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். என்ன இருக்கிறது என்று கேட்டார். ஏதோ இருக்கிறது, இழுத்துக்கொண்டு கிடக்கிறேன் என்றாள். டாக்டர் நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்த்தார். அசிமினா சடாரென்று பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏழு நாளாகத் திருப்பக் கூடாது என்று சொல்லப்பட்ட கழுத்து வெண்ணெய் மாதிரித் திரும்பிற்று. அதைப் பார்க்க வேண்டியவர் அந்த நேரம் பார்த்து நோட்டில் குனிந்துவிட்டார்.

பொறுமையாகத்தான் சொன்னார் டாக்டர். இந்த எண்களை வைத்துக்கொண்டு குழுவிடம் போக முடியாது. போனாலும் முதல் பக்கத்திலேயே தள்ளிவிடுவார்கள். எல்லாருக்கும் கேட்பதில்லை, இது யாருடைய தப்பும் இல்லை. கம்பியை உருவிவிட்டு வேறு மாத்திரை ஏதாவது பார்க்கலாம். சொல்லிவிட்டுக் கையுறையை எடுத்தார். பக்கத்து மேசையில் எவர்சில்வர் தட்டு இருந்தது, அதில் ஒரு சின்னக் கத்திரியும் இடுக்கியும் பஞ்சும்.

சொன்னால் கண் பட்டுப் போய்விடும். சொல்லாவிட்டால் கண் படாமலேயே போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வலது கண்ணுக்குள் உட்காருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றான். டாக்டருக்கு இது புரியும் என்று நம்பி ஏழு நாளை வீணாக்கிய தன் புத்தியை அவளே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது லாம்ப்ரோஸ் எழுந்தான். தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தான்.

"எடுத்துருங்க டாக்டரம்மா. போதும். அவ ஒரு வாரமா படுத்த பாயிலயே கெடக்கா. நான் இல்லாதப்ப வலி தாங்காம பாடுறாப்புல முனகுறாளாம், எந்தங்கச்சி சொன்னா. எங்கிட்டச் சொல்லவே இல்ல. இனிமே எதுவும் புதுசா வேணாம், நான் பாத்துக்குறேன் அவள."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. என்ஜின் அறைக்காரன், அறுபத்துநாலு வயது, ஒரு பெண் டாக்டர் முன்னால் நின்று அழுதான். தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அசிமினா பதினாலு வருடத்தில் அவன் அழுது பார்த்ததில்லை. அழுதிருப்பான், சத்தமில்லாமல், தலையணைக்குள்.

"டாக்டரம்மா," என்றாள் அசிமினா. "கொஞ்சம் நில்லுங்க."

டாக்டர் கையுறையோடு நின்றார்.

"கண்ண மூடுங்க."

"யாரு, நானா?"

"நீங்கதான். நல்லா இறுக்க மூடணும். நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

டாக்டர் தியானோ லாம்ப்ரோஸைப் பார்த்தார். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, எத்தனையோ விதமான நோயாளிகளைப் பார்த்த நிதானத்தோடு, நாற்காலியில் உட்கார்ந்து, கையுறை போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இமைகள் மூடியதும் அந்த முகம் சாதாரண முகமாகிவிட்டது. நம்மூர்ப் பெண்ணின் முகம், தூக்கம் போதாத முகம். அசிமினாவுக்கு முதல்முறையாக அவரிடம் பேச்சு வந்தது.

கல்யாணத்தில் சொன்னதையும் டெலிபோனில் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னாள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னாள். எட்டு என்று எழுதினால் உங்களுக்குப் புரியும் என்று நினைத்தேன், உங்கள் அம்மா உங்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தரவில்லையா என்று கொஞ்சம் திட்டவும் செய்தாள். டாக்டரின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாரா வேறு எதையாவதா என்று கண்ணைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப நெசமான நம்பர் என்னம்மா?" என்று மூடிய கண்ணோடு கேட்டார் டாக்டர்.

அசிமினா கணவனைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றான்.

"மொத நாள் ராத்திரி ரெண்டு," என்றாள் மெதுவாக. "மறுநாள் காலையில ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. நாலாம் நாள்லருந்து... நாலாம் நாள்லருந்து ஒண்ணுமே இல்ல. பூஜ்யம்."

கூரை இடிந்து விழவில்லை. பிடரியில் எறும்பு ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.

"பூஜ்யமா?" என்றான் லாம்ப்ரோஸ். "அரையிறுதி அன்னிக்கு?"

"பூஜ்யம்."

"நான் தலகாணியக் கடிச்சுக்கிட்டு..."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எம்மா, நீயெல்லாம் பொம்பளையா," என்று லாம்ப்ரோஸ் ஆரம்பித்தான். திட்டத்தான் ஆரம்பித்தான். பாதியில் அது வேறு எதுவாகவோ மாறிவிட்டது, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இதைக் காப்பிக்கடையில் மூச்சுவிட்டால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காதே என்று அவன் முதுகைப் பார்த்து அசிமினா சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

டாக்டர் கண்ணைத் திறக்காமலேயே காரியத்துக்கு வந்தார். வாயால் சொன்னால் குழு ஏற்றுக்கொள்ளாது. நோட்டில் எழுத வேண்டும், நோயாளியின் கையால். ஒவ்வொரு எட்டையும் ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, அதற்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் திருத்தம் என்று நானும் ஒரு குறிப்பு எழுதுகிறேன், ஜெர்மனியில் படித்ததில் இதற்கு ஒரு பெயர் இருக்காது, நானே ஏதாவது வைக்கிறேன் என்றார். அனுமதி வந்துவிடும் என்று நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் அசிமினாவுக்கு ரொம்பப் பிடித்தது. நல்லது நடக்கும் என்று அடித்துச் சொல்லாத டாக்டர் நம்பத்தக்க டாக்டர்.

"ஆனா கம்பிய இன்னிக்கு எடுத்துத்தான் ஆகணும் அசிமினாம்மா. தள்ளிப்போட முடியாது. அஞ்சாறு வாரத்துக்கு வலி திரும்ப வரும். தெரியும்ல?"

தெரியும் என்றாள் அசிமினா. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். அடித்தாள், எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். நான்காம் பக்கத்திலிருந்து பூஜ்யங்கள் வந்தன. அவற்றைப் பெரிதாக, வட்டமாக, ஆற அமரப் போட்டாள். ஏழாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஆஸ்பத்திரி வாகனம் ஒன்று வாசலில் ஊளையிட்டுக்கொண்டு நுழைந்தது. வெளியே யாரோ ஒரு கதவை ஓங்கி அடித்தார்கள். நர்ஸ் ஒருத்தி நடைக்கூடம் அதிரும்படி யாரையோ கூப்பிட்டாள். எதுவும் அவள் தலைக்குள் வந்து குத்தவில்லை. லாம்ப்ரோஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் டாக்டர். "இப்ப கண்ணத் திறக்கலாமா?"

அசிமினா எவர்சில்வர் தட்டைப் பார்த்தாள், கத்திரியைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டரம்மா, இன்னும் எழுதிக்கிட்டிருக்கேன்," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம்."

டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை. பேனா மூடி போட்டு மேசைமேல் கிடந்தது.